பெட்டிக்குள் போன தாயம்

ஹட்டன் கடைகளில் விற்கும் லூடோ அட்டையைத் திருப்பினால், பின்பக்கம் பாம்பும் ஏணியும் இருக்கும். இரண்டு ஆட்டங்களும் பிறந்தது இந்தியத் துணைக்கண்டத்தில். லூடோவுக்கு ஆக்கவுரிமை கிடைத்ததோ இங்கிலாந்தில்.

சிலுவைக் கட்டத்தில் சோழி உருட்டிக் காய் நகர்த்தும் பச்சீசிக்கு, அக்பரின் பத்தேப்பூர் சிக்ரி அரண்மனையில் முற்றத்துக் கல்தளமே ஆட்டக்களம். நம் சொக்கட்டானும் தாயமும் அதே குடும்பம். ஆங்கிலேயர் அதை எடுத்துப்போய், சோழிக்குப் பதில் ஆறுமுகப் பகடையும் குலுக்கக் குவளையும் கொடுத்து, விதிகளைச் சுருக்கினார்கள். 1896இல் லூடோ என்று ஆக்கவுரிமை பெற்றார்கள். அதற்கு முன்பே, 1874இல், அமெரிக்காவில் 'பார்ச்சீசி' வணிகக்குறியாகிவிட்டது. எளிமையாக்கியதும் உழைப்புத்தானே என்பார்கள். உழைப்புத்தான். ஆனால் அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடி வளர்த்தவர்களுக்கு ஒரு சதமும் வரவில்லை.

அதே நூற்றாண்டில்தான் நம் பாட்டன் பூட்டன்மார் தோட்ட வேலைக்காகக் கங்காணி பின்னால் மலையேறினார்கள். தாயத்தைக் கொண்டுவர அவர்களுக்குப் பெட்டி தேவைப்படவில்லை. லயத்து வாசலில் கரித்துண்டால் கட்டம் போட்டார்கள். புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை கல்லில் தேய்த்து உருட்டினார்கள். தாயம் விழுந்தால் காய் இறங்கும், எதிரியை வெட்டலாம், சுற்றி முடித்தால் பழம். இந்த விதிகளை அவர்கள் எழுதி வைக்கவில்லை.

எனக்குள்ள கவலை இதுதான். இன்று பிள்ளைகள் லூடோவைக் கைபேசியில் ஆடுகிறார்கள். டேட்டாவுக்குக் காசும் கட்டுகிறார்கள். தாயத்தின் விதி தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மீன் டின்னில் பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம் பூட்டிய கார், பியரிங் வண்டி என்று லயத்துப் பிள்ளைகள் கையால் செய்தவற்றுக்கும் ஒரு படம், ஒரு குறிப்புக்கூட அரிது.

எழுத்துக்கு என்ன பலம் என்பதற்கு மஞ்சள் ஒரு சாட்சி. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இந்தியா பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் சான்றாக வைத்தது. 1997இல் அது ரத்தானது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் புதிய கண்டுபிடிப்புக்கே ஆக்கவுரிமை தருகிறது; அதன் ஆயுள் 20 ஆண்டு. ஓர் ஆட்டம் நம்மிடம் முன்பே இருந்தது என்று காட்ட, நாள் குறித்த எழுத்து வலுவான சான்று.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, இந்தத் தவணையிலேயே ஒரு கொப்பியை ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் வீட்டுப் பெரியவரிடம் ஓர் ஆட்டத்தின் விதியைக் கேட்டு எழுதட்டும். தான் செய்த ஒரு விளையாட்டுப் பொருளை வரையட்டும். ஊர், தோட்டம், திகதி போட்டு நூலகத்தில் வையுங்கள். செலவு ஒரு கொப்பிதான். அதை இன்னும் பத்து ஆண்டு தள்ளிப்போட்டால், கேட்டு எழுத ஆள் இருக்காது.