'க்தே பலீத்?' - போனிலேயே ரஷ்யன் படிக்கலாம்!

ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ். பாடம் ஆங்கிலத்தில்தான் என்பார் ஏஜென்ட். வாஸ்தவம்தான். ஆனால், ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதே! 'எங்கே வலிக்குது?' என்பதை 'க்தே பலீத்?' என்றுதான் கேட்டாக வேண்டும்.

சென்னை ரஷ்ய மையத்தில் வகுப்புகள் உண்டு. கட்டுமாவடிக்காரர்களுக்கு அது ஒரு ராத்திரி பஸ் தூரம். போனே போதும். முதலில் 33 எழுத்துகளை யூடியூப் பார்த்து எழுதிப் பழகுங்கள். ஆங்கில 'எச்' போலிருப்பது அங்கே 'ந'. 'சி' போலிருப்பது 'ஸ'. இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். வார்த்தைகளுக்கு டுவோலிங்கோ, நடுவில் விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இலக்கணத்துக்கு மாஸ்கோ புஷ்கின் நிறுவனத்தின் இலவச இணையதளம். ரஷ்யனில் ஆறு வேற்றுமைகள். எட்டு வேற்றுமை படித்த நமக்கு என்ன பயம்?

பேசிப் பழகத்தான் ஆள் தேவை. அங்கே படிக்கும் சீனியர் யாராவது நம் பக்கம் இருந்தால், விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.