இரும்புக்கை மாயாவி: சித்திரக்கதை மொழிபெயர்ப்பில் பெயரும் எடுத்துரைப்பும்

சித்திரக்கதையை மொழிபெயர்ப்பவருக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. கதையின் பெரும்பகுதியை ஓவியம் முன்னரே சொல்லிவிடுகிறது. அதில் அவர் கைவைக்க இயலாது. பேச்சுக்குமிழ்கள், கட்டத்தின் விளிம்பில் வரும் சிறு விவரணைகள், பெயர்கள் ஆகியவையே அவருக்கு எஞ்சுவன. இவற்றுள் பெயர் அளவில் சிறியதாயினும் கதை முழுவதையும் தன் பக்கம் இழுக்கும் வன்மையுடையது. இதற்குத் தமிழில் கிடைக்கும் தெளிவான சான்று ‘இரும்புக்கை மாயாவி’.

1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து எம். சௌந்தரபாண்டியன் வெளியிடத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் இப்பெயரையே தாங்கி வந்தது. மூலக்கதை 1962இல் ‘வேலியண்ட்’ என்னும் பிரித்தானியச் சிறுவர் வார இதழில் ‘ஸ்டீல் க்ளா’ என்ற பெயரில் தொடங்கியது. எழுதியவர் கென் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளனாகிய லூயிஸ் கிராண்டேல் விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொள்கிறான். பின்னர் நேர்ந்த மின்தாக்குதலில் அவன் உடல் மறைகிறது. எஃகுக் கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

மூலப் பெயரை நேர்படப் பெயர்த்தால் ‘எஃகு உகிர்’ என்றோ ‘எஃகு நகம்’ என்றோ வரும். தமிழாக்கம் மூன்று மாற்றங்களைச் செய்துள்ளது. எஃகு இரும்பாயிற்று. தொழில்நுட்ப நோக்கில் இது பிழையே; ஆனால் ‘இரும்புப்பிடி’, ‘இரும்பு நெஞ்சம்’ என உறுதியைக் குறிக்கத் தமிழர் வழங்குவது இரும்பையே. ‘எஃகுக்கை’ என்னும் தொடரின் ஒலித்தடையையும் எண்ணிப் பார்க்கலாம். அடுத்து, விலங்கின் உகிர் மனிதக் கையாயிற்று. மூலப் பெயரில் உள்ள கொடூரம் இதனால் சற்றே தணிகிறது. மூன்றாவது மாற்றமே முதன்மையானது: மூலப் பெயரில் இல்லாத ‘மாயாவி’ சேர்க்கப்பட்டது.

‘மாயாவி’ என்ற சொல்லுக்கு மாயவித்தை வல்லவன் என்பதோடு வஞ்சகன் என்ற பொருளும் உண்டு. வாலியோடு போரிட்டுக் குகைக்குள் ஓடி மறைந்த அசுரனின் பெயரும் இதுவே. ஆகவே மறைதல், வியப்பு, தீமை ஆகிய மூன்றும் இச்சொல்லில் முன்னரே குடியிருக்கின்றன. கிராண்டேல் முதற்கதையில் நல்லவனல்லன் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். மறையும் ஆற்றல் கிடைத்தவுடன் அவன் குற்றவழியில் இறங்குகிறான். சட்டத்தின் பக்கம் வருவது பின்னரே. ஆங்கில வாசகர் இந்த ஐயத்தைக் கதையின் போக்கில் அடைகிறார். தமிழ் வாசகர் அட்டையிலேயே அடைந்துவிடுகிறார். இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. மின்சாரத்தாலும் ஆய்வுக்கூடத்தாலும் விளக்கப்படும் அறிவியல் புனைவு, பெயரளவில் மாயக்கதை மரபுக்குள் சென்றுவிடுகிறது. இங்கு இழப்பைவிட ஆக்கமே மிகுதி எனலாம். மறையும் ஆற்றல் ஆங்கிலப் பெயரில் இல்லாத குறையை ஆங்கிலப் பதிப்பாளரே பிற்காலத்தில் உணர்ந்தனர் போலும்! 2005இல் டைட்டன் நிறுவனமும் 2021இல் ரெபெல்லியன் நிறுவனமும் இக்கதைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, முன்னது ‘மறையும் மனிதன்’ என்றும், பின்னது ‘கண்காணா மனிதன்’ என்றும் பொருள்படும் துணைத்தலைப்புகளைச் சேர்த்தன.

தொகுப்பு என்னும் வடிவமே எடுத்துரைப்பை மாற்றுவது. வார இதழில் ஒரு சில பக்கங்களே வெளிவரும். ஒவ்வொரு பகுதியும் முன்கதையை நினைவூட்டித் தொடங்கி, ஓர் ஆபத்தில் நின்றுவிட வேண்டும். ஒரே நூலாக்கிப் படிக்கும்போது இரண்டொரு தாளுக்கு ஒருமுறை நாயகன் சாவின் விளிம்பில் நிற்கிறான். அடுத்த கட்டத்திலேயே தப்புகிறான். வாரம் முழுதும் நீடித்த பதற்றம் தாள் புரட்டும் நேரமாகச் சுருங்குகிறது. முன்கதை நினைவூட்டல் மிகையாகிவிடுகிறது. முழுக்கதையை ஒரே இதழில் தருவதையே பெரும்பாலும் வழக்கமாகக் கொண்ட தமிழ் வெளியீட்டு முறைக்கு இவ்வேகம் இயல்பாகப் பொருந்தியது.

இவ்வேகத்திற்குத் தமிழ்த் தொடரமைப்பு இடையூறு என்று கருதுவோர் உண்டு, உண்மை அவ்வாறன்று. கதவுக்குப் பின்னால் கிராண்டேல் நிற்பதை ஆங்கிலம் சொல்லும்போது பெயர் முதலில் வந்துவிடுவதே இயல்பு. தமிழில் ‘கதவுக்குப் பின்னால் நிற்பது...’ என ஒரு கட்டத்தை முடித்து, பெயரை அடுத்த கட்டத்திற்கு ஒத்திவைக்கலாம். தொழிற்பெயரைக் கொண்டு அமையும் இத்தொடர் மொழியில் ஏற்கனவே உள்ளது. புதிதாக வலிந்து செய்ய வேண்டுவதில்லை. மெய்யான இடர் சொல்லின் நீளமே. ‘கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது’ என்பது ஒரே சொல். குறுகிய குமிழில் அதை எங்கே முறிப்பது? செயப்பாட்டு வினையைத் தவிர்த்துக் குறுகிய முற்றுகளை நாடும் போக்கிற்கு இலக்கண விருப்பத்தைவிட இடநெருக்கடியே காரணமாகலாம்.

பெயராக்கத்தில் திணையும் பாலும் தலையிடுவதற்கு வேறொரு சான்று உண்டு. லீ ஃபாக் 1936இல் படைத்த ‘ஃபேண்டம்’ வங்காளத்தில் ‘அரண்யதேவ்’ எனக் காட்டின் தெய்வமானான். இந்தியில் ‘வேதால்’ ஆனான். தமிழில் முருங்கை மரம் ஏறும் ‘வேதாளம்’ அஃறிணை. அதனோடு பலர்பால் விகுதியை மரியாதைப் பொருளில் சேர்த்து, ‘வேதாளர்’ என உயர்திணையாக்கியது முத்து காமிக்ஸ். இவ்வொரு விகுதியால் பேய், பெரியவராகிறது! ‘மாயாவி’க்கோ இச்சிக்கல் இல்லை, இகர ஈறாதலால் ‘மாயாவி வந்தான்’, ‘மாயாவி வந்தார்’ என இரண்டிற்கும் இடம் தருகிறது. 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் பின்னாளில் அதே ஃபேண்டமுக்கு ‘மாயாவி’ என்றே பெயரிட்டது. ஆகத் தமிழில் இரு மாயாவிகள் உலவினர். ஒருவரை இரும்புக்கையும் மற்றவரை முகமூடியும் வேறுபடுத்தின.

குமிழ்களின் மொழிநடை தனியே நோக்கத்தக்கது. வாய்ப்பேச்சைக் காட்டவே குமிழ் அமைந்தது. எனினும் தொடக்ககால வீரசாகசக் கதைகளின் உரையாடல் பெரிதும் எழுத்துத் தமிழையே சார்ந்து நின்றது. இதைச் செயற்கை எனத் தள்ளிவிடலாகாது. தமிழ் வழங்கும் நிலம் தமிழ்நாட்டு எல்லையோடு முடிவதில்லை. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளலாம். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத்தொழிலை விரிவாக்கியது முதல் அங்கே தமிழ்த் தொழிலாளர் பெருகினர். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் தமிழ் அங்கு வாழ்கிறது. கன்னடமும் தெலுங்கும் அருகிருக்க வளர்ந்த பேச்சு அது. சிவகாசி வட்டாரப் பேச்சில் குமிழ்கள் எழுதப்பட்டிருந்தால் இத்தகைய ஊரின் வாசகருக்கு அவை பிறர் பேச்சாகவே ஒலிக்கும். எழுத்துத் தமிழோ எவர் வீட்டுப் பேச்சும் அன்று. ஆதலால் எவருக்கும் அயலும் அன்று. கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ பயிலும் தமிழ்ச் சிறுவனுக்குப் படம் பொருளை முன்கூட்டியே உணர்த்திவிடுகிறது. அறிமுகமற்ற வினைமுற்றையும் அவன் தடையின்றிக் கடந்து செல்லலாம். எழுத்துத் தமிழைப் பள்ளிக்கு வெளியே பெறும் வழிகளை ஆராய்வோர் இதைக் கருத்திற்கொள்ளுதல் நலம்.

ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல் மறைத்துவைப்பதையும் தமிழ்க் குமிழ் வெளியிட்டாக வேண்டும். கிராண்டேல் தன் பேராசிரியர் பாரிஞ்சரை ‘நீங்கள்’ என்பானா, ‘நீ’ என்பானா? உதவியாளனாக இருக்கையில் விடை எளிது. குற்றவாளியாகி, யார் கண்ணுக்கும் படாமல் அறைக்குள் நிற்கையில் அவன் எச்சொல்லை ஆள்கிறான் என்பதை மூலம் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரே முடிவுசெய்ய வேண்டும். ‘நீங்கள்’ என்பது ‘நீ’யாக மாறும் கட்டம் எதுவோ, அக்கட்டத்தில்தான் தமிழ்க் கதையில் கிராண்டேல் மாயாவியாகிறான்.