ஒரே கிருமி, இரண்டு நோய்

தொழுநோயை உண்டாக்கும் கிருமி ஒன்றுதான். மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற அந்தப் பாக்டீரியாவை 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். ஆனால் அது தரும் நோய் ஆளுக்கு ஆள் அடியோடு வேறுபடுகிறது. ஒருவருக்கு உடம்பில் ஒன்றிரண்டு உணர்ச்சியற்ற தேமல்கள் மட்டும் இருக்கும். அந்தத் தோலை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துத் தேடினாலும் கிருமி கண்ணில் படுவது அரிது. இன்னொருவருக்கு முகமும் காதுமடலும் தடித்து முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். அவருடைய தோலில் உள்ள விழுங்கு செல்களுக்குள் கிருமிகள் கட்டுக்கட்டாக அடைந்து கிடக்கும். முதல் வகையை டியூபர்குலாய்டு என்றும் இரண்டாவதை லெப்ரமட்டஸ் என்றும் மருத்துவர்கள் அழைக்கிறார்கள். பெரும்பாலான நோயாளிகள் இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் எங்கோ இருக்கிறார்கள். உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்த கிருமிகளின் மரபணுக்களை 2005இல் ஒப்பிட்டபோது அவற்றுக்குள் வேறுபாடு மிகமிகக் குறைவு என்று தெரிந்தது. எனவே வித்தியாசத்துக்குக் காரணத்தைக் கிருமியிடம் தேடிப் பயனில்லை, மனித உடலில்தான் தேட வேண்டும்.

இதற்கு எளிதாகச் சொல்லப்படும் பதில், முதலாமவருக்கு எதிர்ப்பு சக்தி அதிகம், இரண்டாமவருக்குக் குறைவு என்பது. கஷாயப் பொடி முதல் சத்து மாத்திரை வரை விற்கும் விளம்பரங்கள் நம் மனத்தில் பதிய வைத்திருப்பதும் இதைத்தான்: எதிர்ப்பு சக்தி என்பது தொட்டித் தண்ணீர் மாதிரி, மட்டம் உயர உயர நல்லது. தொழுநோய் இந்த எண்ணத்தை ஏற்றுக்கொள்வதில்லை. லெப்ரமட்டஸ் நோயாளியின் ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஏராளமாக இருக்கின்றன, டியூபர்குலாய்டு நோயாளிக்கு இருப்பதைவிட அதிகமாகவே. மற்றக் கிருமிகளை அவர் உடல் பெரும்பாலும் வழக்கம்போலச் சமாளிக்கிறது. மறுபக்கம், கிருமியை அடக்கிவைத்திருக்கும் டியூபர்குலாய்டு நோயாளியின் நரம்புகளை அவருடைய சொந்த எதிர்ப்பே சிதைக்கிறது. அதாவது இருவரிடமும் எதிர்ப்பு உண்டு. வேறுபடுவது அதன் வகை. அந்த வகையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு, தொற்றின் தொடக்கத்தில் சுரக்கும் அழற்சி மூலக்கூறுகளுக்கு உண்டு என்பதே என் வாதம்.

எதிர்ப்பின் வகையை முடிவு செய்பவை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். அவை எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவமடைகின்றன. அங்கிருந்து கிளம்பும்போது எதை அடையாளம் காண்பது என்று ஒவ்வொரு செல்லுக்கும் முடிவாகியிருக்கும்; கண்ட பிறகு என்ன செய்வது என்று பெரும்பாலானவற்றுக்கு முடிவாகியிருக்காது. அந்த முடிவு நிணநீர் முடிச்சில் நடக்கிறது. தோலில் கிருமியைப் பிடித்த டென்ட்ரைட்டிக் செல் அங்கே வந்து, கிருமியின் புரதத் துணுக்கு ஒன்றை டி செல்லிடம் காட்டுகிறது. கூடவே சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்களை வெளியிடுகிறது. அவற்றுள் ஒன்றான இன்டர்லூக்கின்-12, சுருக்கமாக ஐஎல்-12, டி செல்லின் மேலுள்ள ஏற்பியில் பொருந்தியதும் உள்ளே ஸ்டாட்-4 என்ற புரதம் செயல்படத் தொடங்கி உட்கருவுக்குள் போகிறது. டி-பெட் என்ற இன்னொரு புரதம் பெருகுகிறது. காமா இன்டர்ஃபெரான் மரபணு திறந்துகொள்ள, ஐஎல்-4 மரபணு மெல்ல அடைபடுகிறது. இப்படி உருவாவது டிஎச்-1 செல். இது சுரக்கும் காமா இன்டர்ஃபெரான், விழுங்கு செல்லை உசுப்பி, உள்ளே ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்லச் செய்கிறது. ஐஎல்-12க்குப் பதிலாக ஐஎல்-4 கிடைத்தால் அதே செல் டிஎச்-2 ஆகிறது. அது ஆன்டிபாடி உற்பத்திக்கும் குடல் புழுக்களை எதிர்ப்பதற்கும் உதவும். செல்லுக்குள் பதுங்கியிருக்கும் கிருமியை ஆன்டிபாடி எட்டாது. லெப்ரமட்டஸ் நோயாளியின் துயரம் இதுதான்.

டி செல்களில் இந்த இரு வகை உண்டு என்பதை 1986இல் மோஸ்மேன், காஃப்மேன் இருவரும் எலிகளில் காட்டினார்கள். 1991இல் ராபர்ட் மாட்லின் குழு தொழுநோயாளிகளின் தோலிலேயே அதைத் தேடியது. டியூபர்குலாய்டு புண்களில் காமா இன்டர்ஃபெரானும் ஐஎல்-2வும் மேலோங்கியிருந்தன. லெப்ரமட்டஸ் புண்களில் ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-10. இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். நோய் முற்றிய புண்ணில் இருக்கும் மூலக்கூறு அந்த நோயின் விளைவாகவும் இருக்கலாமே, அதை எப்படிக் காரணம் என்பது? புண்ணை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1993இல் வந்த சோதனைகள் சொல்லின. ஒரே ஏற்பியைக் கொண்ட டி செல்கள் இருக்கும்படி மரபணு மாற்றிய எலிகளின் செல்களுக்கு ஒரே புரதத் துணுக்கைக் காட்டினார்கள். ஐஎல்-12 சேர்த்தபோது அவை டிஎச்-1 ஆயின, ஐஎல்-4 சேர்த்தபோது டிஎச்-2 ஆயின. அதே ஆண்டில், விழுங்கு செல்லுக்குள் வாழும் லெய்ஷ்மேனியா ஒட்டுண்ணியை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. பால்ப்-சி வகை எலிகள் இந்த ஒட்டுண்ணிக்கு டிஎச்-2 வழியில் பதில் சொல்லி இறந்துபோகும். தொற்று ஏற்பட்ட முதல் வாரத்தில் ஐஎல்-12 கொடுத்தபோது அவை பிழைத்தன. நோய் வேரூன்றிய பின் அதை மட்டும் கொடுத்துப் பலனில்லை. அளவைவிட நேரம் முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன்.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்துமா? மனிதரிடம் இப்படிச் சோதிக்க முடியாது. ஆனால் இயற்கை சிலரிடம் ஐஎல்-12 வேலை செய்யாத குறையை வைத்துவிடுகிறது. ஐஎல்-12 ஏற்பியின் ஒரு பகுதி பிறவியிலேயே இல்லாதவர்களை 1998இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். சாதாரணக் குழந்தைகளுக்குத் தீங்கு செய்யாத பிசிஜி தடுப்பூசிக் கிருமியே இவர்களில் பலருக்கு உடலெங்கும் பரவுகிறது; சால்மொனெல்லாவும் கடுமையாகத் தாக்குகிறது. ஆனால் பெரும்பாலான வைரஸ்களை இவர்கள் மற்றவர்களைப் போலவே எதிர்கொள்கிறார்கள்.

இரண்டே பெட்டிகளில் எல்லா டி செல்களையும் அடைக்கலாமா என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதை நான் ஏற்கிறேன். மூளை, தண்டுவட நரம்புகளை உடலே தாக்கும் நோயின் எலி மாதிரியில் குற்றவாளி ஐஎல்-12தான் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். அதன் ஒரு துண்டான பி-40 இல்லாத எலிகளுக்கு அந்த நோய் வரவில்லை என்பது ஆதாரம். ஆனால் அதே பி-40 துண்டு ஐஎல்-23 என்ற வேறொரு மூலக்கூறிலும் இருப்பது 2000இல் தெரியவந்தது. உண்மைக் குற்றவாளி ஐஎல்-23 என்று 2003இல் நிறுவப்பட்டது. அதைத் தொடர்ந்து வெளிப்பட்டது டிஎச்-17 என்ற மூன்றாவது வகை. இங்கே நடப்பது வியப்பானது. டிஜிஎஃப்-பீட்டா என்ற மூலக்கூறு தனியாகக் கிடைத்தால் டி செல், அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தும் செல்லாகிறது. அதோடு அழற்சியின்போது சுரக்கும் ஐஎல்-6ம் சேர்ந்துவிட்டால், அழற்சியைப் பெருக்கும் டிஎச்-17 ஆகிறது. 2006இல் இதை எலி செல்களில் காட்டினார்கள். பெட்டிகள் இரண்டல்ல, பல. அவற்றின் சுவர்களும் அவ்வளவு உறுதியானவை அல்ல. ஆனால் பெட்டிகள் பெருகப் பெருக, செல்லின் போக்கைச் சுற்றியுள்ள மூலக்கூறுகள் வகுக்கின்றன என்ற கருத்து வலுப்பெறுகிறதே தவிர உடையவில்லை.

அப்படியானால் அழற்சியை அடக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். முடக்குவாதத்துக்காக டிஎன்எஃப் என்ற அழற்சி மூலக்கூறைத் தடுக்கும் மருந்துகள் வந்தன. பலருக்குப் பெரும் நிவாரணம் தந்தன. ஆனால் உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய் சிலருக்கு விழித்துக்கொண்டது 2001இல் பதிவானது. இன்று அந்த மருந்தைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்வது கட்டாயம். ஐஎல்-17ஐத் தடுக்கும் மருந்து சோரியாசிஸைக் குறைக்கிறது. அதையே குரோன் என்ற குடல் நோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது நிலைமை மோசமாயிற்று. ஒரே மூலக்கூறு தோலில் கெடுதல் செய்கிறது, குடலில் காவல் காக்கிறது. எந்த இடம், எந்த நேரம், எந்தக் கிருமி என்று கேட்காமல் ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று சொல்லி விற்கும் எதையும் நம்பக் காரணமில்லை.

தொழுநோயில் இது வெறும் கோட்பாடு அல்ல. கூட்டு மருந்துச் சிகிச்சை நடக்கும்போதே, சில சமயம் அது முடிந்த பிறகும், சிலருக்கு எதிர்ப்பின் போக்கு திடீரென டிஎச்-1 பக்கம் சாயும். பழைய தேமல் சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும், கை கால் வலுவிழக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தாமதமின்றி ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் நரம்பைக் காப்பாற்ற முடியும். உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில் இருக்கிறார்கள். உணர்ச்சியற்ற தேமல் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்து அங்கே இலவசம்.