இயேசு நமக்கு யார்?

பிலிப்புச் செசரியா பகுதியில் இயேசு தம் சீடர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார் (மத் 16:13-20). மக்கள் தம்மை யாரென்று சொல்கிறார்கள் என்பது முதல் கேள்வி. திருமுழுக்கு யோவான், எலியா, எரேமியா என்று பதில்கள் வந்தன. எல்லாம் உயர்ந்த பெயர்கள்தாம், ஆனால் போதவில்லை. சீடர்களின் சொந்தப் பதிலைக் கேட்டபோது, பேதுரு அவரை மெசியா என்றும் வாழும் கடவுளின் மகன் என்றும் அறிக்கையிட்டார்.

நான்காம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியு, இறைமகன் படைப்புகளில் தலைசிறந்தவர், ஆயினும் படைக்கப்பட்டவரே என்று போதித்தார். கி.பி. 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம் அதை மறுத்து, மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என அறிவித்தது. ஏன் இவ்வளவு உறுதி? இயேசு ஒரு படைப்பு மட்டுமே என்றால், சிலுவையில் கடவுள் தம்மையே நமக்குத் தரவில்லை. வேறொருவரை அனுப்பிவிட்டு விலகி நின்றார் என்றாகிவிடும்.

அதேவேளை அவர் உண்மையாகவே மனிதரானார். இல்லையெனில் நம் பசியும் கண்ணீரும் சாவும் அவர் அறியாதவை ஆகிவிடும். எனவே கி.பி. 451-இல் கல்சதோன் பொதுச்சங்கம், அவர் உண்மையான கடவுளும் உண்மையான மனிதருமான ஒரே ஆள் என்று தெளிவுபடுத்தியது. இலாசருக்காக அழுதவரும், அவரைக் கல்லறையிலிருந்து எழுப்பியவரும் ஒருவரே.

நிசேயா சங்கத்தின் 1700-ஆம் ஆண்டு நிறைவைத் திருஅவை 2025-இல் நினைவுகூர்ந்தது. ஞாயிறு திருப்பலியில் நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது, சீடர்களிடம் கேட்கப்பட்ட அதே கேள்விக்கு நாமும் பதில் சொல்கிறோம். நோயிலும் கடனிலும் இழப்பிலும் நாம் யாரை அழைக்கிறோம்? நல்ல போதகர் ஒருவரையா, நம்மோடு இருக்கும் கடவுளையா? அந்தப் பதிலை உதடுகளோடு நிறுத்தாமல் வாழ்வாலும் அறிக்கையிடுவோம்.