617 இலக்க எண்ணின் காரணிகள் எவை? விடை தெரியாமல் இருப்பதே மின்னணுப் பாதுகாப்பின் அடித்தளம்

புதுடெல்லி: 251959 என்று தொடங்கி 357 என்று முடியும் 617 இலக்க எண் ஒன்று உண்டு. கணித உலகில் அதன் பெயர் ஆர்எஸ்ஏ-2048. இரண்டு பகா எண்களைப் பெருக்கி உருவாக்கப்பட்ட பகு எண் அது. அவ்விரு எண்களைக் கண்டறிவோருக்கு 2 லட்சம் டாலர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. 2007-ஆம் ஆண்டு போட்டி முடித்துக்கொள்ளப்பட்டது. பரிசை எவரும் பெறவில்லை. காரணிகள் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

காரணி தெரியாமலே ஓர் எண்ணைப் பகு எண் என்று நிறுவ முடியுமா என்ற கேள்வி எழலாம். முடியும். 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதைவிட ஒன்று குறைவான அடுக்கிற்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வரும். 7-க்கு, 2-இன் 6-ஆவது அடுக்கு 64, மீதி 1. 15-க்கு, 2-இன் 14-ஆவது அடுக்கு 16,384, மீதி 4. ஆகவே 15 பகு எண். இதைச் சொல்வதற்கு 3, 5 என்ற காரணிகள் தேவைப்படவே இல்லை.

இச்சோதனையை ஏமாற்றும் பகு எண்களும் உள்ளன. அவற்றில் மிகச் சிறியது 341. ஐயத்துக்கு இடமின்றியும், இலக்கங்கள் பெருகினாலும் கணக்கீட்டு நேரம் கட்டுமீறாமலும் விடை தரும் முறையை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் அளித்தனர். 2006-இல் கோடெல் பரிசு பெற்ற இந்த முறையும், காரணிகள் எவை என்பதைச் சொல்வதில்லை.

இவ்விரு கேள்விகளுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2-இன் 67-ஆவது அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் 147573952589676412927 என்ற எண்ணைப் பகா எண் என 1644-இல் பிரான்சின் மெர்சென் பட்டியலிட்டார். அது பகு எண்ணே என்று 1876-இல் லூகா வேறொரு முறையில் நிறுவினார். காரணிகள் கிடைக்க மேலும் 27 ஆண்டுகள் ஆயின. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல், 193707721, 761838257287 ஆகிய இரண்டையும் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார். ஒரு சொல்லும் பேசாமல் அவர் இருக்கைக்குத் திரும்பியதாகச் சொல்லப்படுகிறது. அவர் அதுவரை பட்ட பாட்டைச் சரிபார்க்க அவையினருக்குச் சில நிமிடங்களே போதுமாயிருந்தன.

பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்ற இந்த ஏற்றத்தாழ்வின்மீதுதான் ஆர்எஸ்ஏ மறையாக்கம் 1977-இல் கட்டப்பட்டது. நிறுவனங்கள் வரிக் கணக்கில் இடும் மின்கையொப்பங்களுக்கும் பல இணையதளச் சான்றிதழ்களுக்கும் இதே 617 இலக்க அளவிலான எண்களே காவல். ஒவ்வொருவருக்கும் எண் வேறு என்பதால் ஒன்று உடைந்தால் மற்றவை உடையா. பொதுவான விரைவு வழி கிடைத்துவிட்டால் அனைத்துமே ஆபத்துக்குள்ளாகும்.

2020 பிப்ரவரியில் 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்று பிரிக்கப்பட்டது. கணினிச் செயலியின் ஒரே ஒரு 'கோர்' தனித்துச் செய்தால் சுமார் 2,700 ஆண்டுகள் பிடிக்கும் வேலை அது. அந்த வேகத்தில் பார்த்தால் 617 இலக்கங்கள் எட்டாத் தொலைவில் உள்ளன.

குவாண்டம் கணினி இக்கணக்கை மாற்றக்கூடும். அதில் காரணிகளை விரைவாகக் காணும் வழியைப் பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டினார். ஆர்எஸ்ஏ-2048 அளவிலான எண்ணைப் பிரிக்க 2 கோடி கியூபிட்கள் தேவை என்று 2019-இல் மதிப்பிட்ட ஆய்வாளர் கிரெய்க் கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைவே போதும் என 2025-இல் திருத்தினார். அத்தகைய கணினி இன்னும் உருவாகவில்லை. எனினும், மறையாக்கம் செய்த தகவல்களை இன்றே திரட்டி வைத்துப் பின்னாளில் திறக்கலாம் என்பதால், நீண்டகாலம் காக்க வேண்டிய மருத்துவ, பாதுகாப்புத் துறை ஆவணங்கள் குறித்த கவலை இப்போதே உள்ளது. காரணிப்படுத்தலைச் சாராத புதிய மறையாக்கத் தரநிலைகளை அமெரிக்காவின் தரநிலை நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. இந்தியாவில் ரூ.6,003.65 கோடியிலான தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துள்ளது.