இரு திரைகளும் ஒரு கன்சோலும்

பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகம் 1909-ஆம் ஆண்டில் தோன்றியது. அதனை நகரவாசிகளில் பலர் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்றே வழங்குகின்றனர். அங்கு 2022-ஆம் ஆண்டில் 'பரம் பிரவேகா' என்னும் மாபெரும் கணிப்பொறி நிறுவப்பெற்றது. உச்ச வேகத்தில் விநாடிக்குச் சுமார் 3,300 இலட்சம் கோடி கணக்குகளைச் செய்யவல்லது அது. எனினும் ஆராய்ச்சியாளர் எவரும் அந்த யந்திரத்தின் எதிரே அமர்ந்து வேலை செய்வதில்லை. தம் அறையிலிருந்து, வலைப்பின்னலின் வழியே, லினக்ஸ் கட்டளைகளை வரிவரியாக எழுதி அனுப்புகின்றனர். விடையும் எழுத்துக்களாகவே திரும்பி வருகின்றது.

இத்தகைய பணியில் பழகியவர் தம் மேஜைமீதுள்ள சிறு கணிப்பொறியையும் சாளரங்களும் சித்திரங்களுமின்றி, வெறும் எழுத்துக் கன்சோலாகவே நடத்த விரும்புதல் இயல்பே. மேஜைமீது இரண்டு மானிட்டர்கள் இருக்கின்றன எனக் கொள்வோம். ஒன்றில் நிரலை எழுதிக்கொண்டே, மற்றொன்றில் யந்திரத்தின் நடப்புக் குறிப்புகள் ஓடுவதைக் கவனிக்கலாம் என்று அவர் எண்ணுகின்றார். ஆனால் கணிப்பொறியை இயக்கியதும் இரு திரைகளிலும் ஒரே வாசகமே தோன்றுகின்றது. திரைகளின் அளவு வேறுபட்டால் சிறியதற்கு ஏற்றபடியே வரிகள் அமைகின்றன. பெரிய திரையில் வலப்புறமும் கீழ்ப்புறமும் கறுப்பாகக் கிடக்கின்றன.

இதன் காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். சொந்தக் கணிப்பொறியில் ஒரு திரைக்கு 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் உண்டு. மொத்தம் 2,000 எழுத்துக்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் வடிவக் குறிக்கு ஒரு பைட்டும், தோற்றத்துக்கு ஒரு பைட்டும் ஆக, 4,000 பைட்டுகள் போதுமானவை. ஒற்றை நிற அட்டைக்கு ஒரு நினைவக முகவரியும், வண்ண அட்டைக்கு வேறொரு முகவரியும் ஒதுக்கப்பட்டிருந்தமையால், இரண்டையும் ஒரே பெட்டியில் பொருத்த முடிந்தது. வண்ணத் திரையில் நிரல் ஓடும்போதே அதன் பிழைகளை ஒற்றை நிறத் திரையில் ஆராய்வது அக்கால நிரலாளர் பலருக்கு வழக்கமாயிருந்தது. பின்னர் லினக்ஸும் இவ்வசதிக்கென ஒரு தனிப் பகுதியைப் பெற்றது. அதன்படி 13 முதல் 16 வரையுள்ள கன்சோல்கள் ஒற்றை நிற அட்டைக்கு உரியவை. இரு திரைகளும் ஒரே சமயத்தில் உயிருடன் இயங்கின.

இன்றைய அமைப்பு வேறு. எழுத்துக்கள் இப்பொழுது குறிகளாக அட்டைக்குச் செல்வதில்லை. 'பிரேம் பஃபர்' என்னும் நினைவகத்தில் புள்ளிபுள்ளியாக வரையப்படுகின்றன. ஒரு கிராபிக்ஸ் அட்டையில் எத்தனை மானிட்டர்களை இணைத்தாலும், கன்சோலுக்கென லினக்ஸ் அமைத்துக் கொடுப்பது சாதாரணமாக ஒரே பிரேம் பஃபர்தான். ஆகவே இரு திரைகளும் ஒரே சித்திரத்தின் இரு பிரதிகளாகின்றன.

இரண்டு கிராபிக்ஸ் அட்டைகள் இருப்பின் நிலைமை ஓரளவு மாறும். அப்போது பிரேம் பஃபர்களும் 0, 1 என இரண்டாகும். 'கான்2எஃப்பிமேப்' என்னும் சிறு கருவிக்கு 2, 1 என்ற எண்களைக் கொடுத்தால், இரண்டாவது கன்சோல் 1-ஆம் பிரேம் பஃபருக்கு, அதாவது மற்றொரு திரைக்கு, மாறிவிடும். இதனைக் கண்டவர் தம் குறை தீர்ந்ததென்று மகிழ்வது வழக்கம். ஆனால் இங்கேதான் பெரிய ஏமாற்றம் மறைந்திருக்கின்றது. லினக்ஸில் 63 கன்சோல்கள் வரை இருக்கலாமாயினும், பிரேம் பஃபர் முறையில் எந்த நேரத்திலும் முன்னிலையில் நிற்பது ஒன்றே. விசைப்பலகையும் அதற்கே உரியது. திரையில் புதிய எழுத்துக்களை வரைவதும் அதற்கு மட்டுமே நடைபெறும். மற்றைத் திரையில் எஞ்சியிருப்பது, அதை விட்டு நாம் அகன்ற கணத்தின் தோற்றம் மட்டுமே.

அணைந்த திரை எவரையும் ஏமாற்றாது. உறைந்த திரை அவ்வாறன்று. வட்டில் இடம் நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை பத்து நிமிடங்களுக்கு முன்பே வந்திருக்கலாம்; ஆனால் எதிரேயுள்ள திரை, யாவும் நலமென்று காட்டும் பழைய வரிகளைத் தெளிவாகவும் பிரகாசமாகவும் ஏந்தி நிற்கும். வியப்பு என்னவெனில், அந்த எச்சரிக்கை கணிப்பொறியின் நினைவகத்தில் முறையாகப் பதிவாகியே இருக்கின்றது. 'விசிஎஸ்2' என்னும் சாதனக் கோப்பைப் படித்தால் இரண்டாவது கன்சோலின் புதிய வரிகளை அவ்வப்போதே காணலாம். வரைதல் ஒன்றுதான் நின்றுபோயிருக்கின்றது.

கவனித்தேயாக வேண்டிய செய்திகளை இம்முறையில் இரண்டாவது திரைக்கு விடுதல் தகாது என்பது நம் கருத்து. ஒரே திரையைப் பிரித்து உபயோகிப்பதே மேல். 1,920-க்கு 1,080 புள்ளிகள் கொண்ட மானிட்டரில், எட்டுக்குப் பதினாறு புள்ளி அளவுள்ள எழுத்துக்களை அமைத்தால் 240 எழுத்து அகலமும் 67 வரியும் கிடைக்கும். இது 16,080 எழுத்துக்கள். பழைய திரைகள் எட்டுக்குச் சமம். 'டிமக்ஸ்' என்னும் நிரல் இவ்விடத்தைப் பல பலகங்களாகப் பிரித்துத் தருகின்றது. எல்லாப் பலகங்களும் உடனுக்குடன் இயங்கும். தொலைவிலுள்ள கணிப்பொறியில் அதனை ஓடவிட்டிருந்தால், இடையில் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்பதில்லை. மீண்டும் இணைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எனினும் இரண்டாவது மானிட்டரும் உயிருடன் வேண்டும் என்போருக்குப் பழைய வழி ஒன்று உண்டு. தொடர்நிலைக் கம்பியின் வழியே ஒரு பழைய மடிக்கணினியைத் தனி முனையமாக இணைத்து, அதற்கென உள்நுழைவு நிரலை இயக்கலாம். 1978-ஆம் ஆண்டில் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட விடி100 முனையம் இணைந்ததும் இவ்வாறே. எழுத்துக்கள் கம்பியில் வந்துகொண்டேயிருக்கும். எந்தக் கன்சோல் முன்னிலையில் நிற்கின்றது என்பதைப் பற்றி அம்முனையத்துக்குக் கவலையில்லை. மேஜைமீது இரண்டு விசைப்பலகைகளுக்கு மட்டும் இடம் பண்ணிக்கொள்ள வேண்டும்.