பழைய பஸ்ஸுக்குப் புது முகம்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வரும் சாலையில் ஒரு வேடிக்கையை நேயர்கள் பார்த்திருக்கக்கூடும். கூரையில்லை, சுவரில்லை, கண்ணாடியில்லை. எஞ்சினும் சக்கரங்களுமே உள்ள ஒரு பஸ், தலையில் துண்டு கட்டிய டிரைவரைச் சுமந்துகொண்டு பறக்கும். எண்ணூரில் பிறந்த அந்த எலும்புக்கூடு, உடம்பு தேடிக் கரூருக்குப் போகிறது. திருச்சிக்கு மேற்கே, காவிரிக் கரையோடு சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள கரூர், பஸ் கூண்டு கட்டுவதில் பேர்போன ஊர்.

முன்னாளில் தேக்குச் சட்டத்தின் மேல் தகடு போர்த்தினார்கள். பிறகு இரும்புச் சட்டம் வந்தது. இப்போது பஸ்ஸின் முகத்தையும் முதுகையும் கண்ணாடி நாரினால், அதாவது ஃபைபர் கிளாஸினால், வார்க்கிறார்கள். கண்ணாடியாயிற்றே, உடையாதா என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் 1953-லேயே கார்வெட் என்னும் மோட்டார் காருக்கு உடம்பு முழுவதையும் இதனாலேயே செய்துவிட்டார்கள்.

ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் வருகிறவர்கள் புது வண்டிகளையே பார்க்கிறார்கள். அறுபது எழுபது வயதான லேலண்ட் காமெட் பஸ் ஒன்று எங்கேனும் கொட்டகையில் அகப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். எஞ்சினைச் சீர்செய்துவிடலாம். நசுங்கிய நெற்றித் தகட்டுக்கு என்ன செய்வது? எந்தக் கடையிலும் கிடைக்காது. கூண்டு கட்டியவர் கையாலும் கண்ணாலும் அளந்து வளைத்ததல்லவா அது!

ஆகவே பழைய தகடே புதியதற்குத் தாயாக வேண்டும். அதன் நசுங்கலைத் தட்டி, பள்ளத்தில் பட்டி நிரப்பி, கண்ணாடிபோல் தேய்க்கிறார்கள். இதில் சோம்பல் கூடாது. தாயிலுள்ள சிறு வடு குழந்தைகள் அத்தனையின் முகத்திலும் விழும். மேலே மெழுகு பூசி, பிசினும் நாரும் படியவைத்து, முதலில் அச்சு எடுக்கிறார்கள். விளிம்பு உள்நோக்கி மடிந்திருந்தால் அச்சைத் துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடும் அச்சும் பிரியவே பிரியா.

அச்சினுள் மறுபடி மெழுகு. பிறகு வெளித்தோலாகிய ஜெல்கோட். அதன்மேல் பிசினில் நனைந்த நார்ப் பாய்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள பாய் மூன்று அடுக்கானால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனம். காற்றுக் குமிழ் தங்காமல் உருளையால் அழுத்துகிறார்கள். திருச்சி வெயிலைச் சொல்ல வேண்டுமா? பிசினை இறுகச் செய்யும் திரவத்தைச் சற்றுக் குறைக்காவிட்டால், வேலை முடியுமுன் பிசின் வாளியிலேயே கட்டியாகிவிடும். அதைவிட ஆபத்து, இறுக்கும் திரவத்தையும் கோபால்ட் திரவத்தையும் நேருக்கு நேர் கலப்பது. தீப்பற்றும், வெடித்தாலும் வெடிக்கும். ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். புகையோ மூக்கைத் துளைக்கும். முகமூடியின்றி வேலை செய்வதை நாம் வீரமாகக் கருதவில்லை.

இந்தப் புதுத்தோல் எலும்பின் வேலையைச் செய்யாது; பாரம் தாங்குவது சட்டமே. சாதாரணப் பிசின் நன்றாக எரியக்கூடியதுமாகும். ஜனங்கள் ஏறப்போகும் வண்டியென்றால் தீயைத் தடுக்கும் பிசினுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத்தான் வேண்டும்.

புதுத் தகடு பளபளவென்று வந்தவுடன் பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. இது நமக்குச் சம்மதமில்லை. அலுமினியத்தில் அந்த வளைவைச் சுத்தியாலேயே கொண்டுவந்த கைக்கு அத்தகடு ஒன்றுதான் சாட்சி. சுவாமிமலை ஸ்தபதி விக்கிரகத்தை எடுப்பதற்கு மண் அச்சை உடைத்துவிடுகிறார். இங்கே அச்சு உடையாமல் தங்குகிறது. அதைப் பட்டறைச் சுவரில் மாட்டி, அருகிலேயே பழைய தகட்டையும் வைத்திருந்தால், இன்னொரு காமெட்டுக்கு நெற்றி நசுங்கும்போது மெழுகிலிருந்து வேலையைத் தொடங்கிவிடலாம்.